சாய்ந்த தலை

விடிந்தும் விடியாத நேரத்தில் கையில் துணிப்பையோடு சின்னவள் அக்கா வீட்டுக்கு வந்ததைப் போன வாரம் பார்த்தோம். உடைந்து கிடக்கும் இரண்டாம் படியைப் பழக்கதோஷத்தில் தாண்டி ஏறினாள். "ஒரு நாள் தங்கிக்கிறேன்க்கா" என்றாள். அவ்வளவுதான். பெரியவளும் தூண்டித் துருவவில்லை. வந்ததும் வராததுமாகக் கேள்வி கேட்பது நாகரிகம் இல்லை என்று சும்மா இருந்துவிட்டாள். அந்த நாகரிகத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்று மதியத்துக்குள் அவளுக்கே தோன்றிவிட்டது.

முதலில் வந்தது போன். சின்னவளின் புருஷன் பேசினார். பெரியவளிடம் இல்லை, பெரியவளின் புருஷன் தையல்காரரிடம்.

"சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறானாம்" என்றார் தையல்காரர், மிஷினிலிருந்து காலை எடுக்காமல்.

இந்த இரண்டு ஆண்களும் சொந்தக்காரர்கள். சின்னவளின் புருஷன் தையல்காரருக்குச் சித்தி மகன். தண்ணீர் கேன் போடும் வண்டி வைத்திருக்கிறார். சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே தையல்காரர்தான். "குடி கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான்" என்று அன்றைக்குச் சான்றிதழ் வாசித்தார். அத்தனையும் உண்மை. வாயைப் பற்றி எல்லோரும் விசாரித்தார்கள். கையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

சமையலறையில் சின்னவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் அவளுக்கு இடப்பக்கம் நின்று, "அந்த சோப்பை இப்படி நகத்து" என்றாள். பதில் இல்லை. "அடியே, உன்னத்தான்!" அதற்கும் இல்லை. குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று எட்டிக் குழாயை மூடினாள். மறுபடி கூப்பிட்டாள். சின்னவள் தேய்த்த தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் நின்றதை அப்புறம்தான் கவனித்துத் திரும்பினாள். அக்காவின் உதடு அசைவதைப் பார்த்தாள். தலையை இடப்பக்கம் சாய்த்து, வலது காதை முன்னால் கொண்டுவந்தாள். இடது கை தானாக எழும்பி, கன்னத்துக்குப் பாதி வழியில் நின்றது.

"என்னக்கா சொன்ன?"

அந்தச் சாய்ந்த தலையைப் பெரியவள் ஏற்கனவே பார்த்திருக்கிறாள். அந்தப் பாதியில் நிற்கும் கையையும் பார்த்திருக்கிறாள். ஒரு மாதமாகத் தெருத்தெருவாகப் பார்த்துவருகிறாள், தன் தம்பியின் உடம்பில்.

அக்காவும் தம்பியும் தெருவில் நாடகம் போடுகிறவர்கள் என்பதைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரியவள் வாய். தம்பி உடம்பு. தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். அதற்குள் தம்பி மட்டும் நிற்பான், கையில் ஒன்றும் இல்லாமல், முகத்தில் ஒரு பொட்டுச் சாயம் இல்லாமல். பெரியவள் வட்டத்துக்கு வெளியே, கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி மேல் நின்று பாட்டாகச் சொல்வாள். எழுதி வைக்கிற பழக்கமே கிடையாது. அந்தந்த இடத்தில், அந்தந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கட்டி, மனசிலேயே வைத்துக்கொள்கிற பாட்டு. அவள் சொன்னதை அவன் உடம்பு செய்யும். வளைகிற வளைசலைப் பார்த்து ஊர் அவனுக்கு ரப்பர் என்று பெயர் வைத்துவிட்டது.

அவர்களுக்குள் சில கட்டுப்பாடுகள் உண்டு. வட்டத்துக்குள் உடம்பு பேசக் கூடாது. வட்டத்தைக் காலால் அழித்தால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. இன்னொன்று, வாய் உடம்பைக் கேள்வி கேட்கவே கூடாது. கேட்டால் உடம்பு பதில் சொல்லும். அது சொன்ன பதில் எதுவானாலும் வாய் அதை ஊருக்கு எடுத்துச் சொல்லியாக வேண்டும். அதனால் பெரியவள் பாட்டில் கேள்வியே வராது.

'ஓங்கிய கை' அவர்கள் ஆட்டங்களில் ரொம்பப் பேர் வாங்கியது. அடிபடுகிற ஒரு மனைவியின் கதை. போன மாதம் ரப்பர் அதில் புதிதாக ஓர் அசைவு சேர்த்தான். அடி விழுந்த பிறகு எழுந்து, தலையைச் சாய்த்து, ஒரு காதால் உலகத்தைத் தேடுகிற மாதிரி. கூட்டம் உச்சுக் கொட்டியது. பெரியவளும் பூரித்துப்போய் அதற்கு ஒரு பாட்டுக் கட்டிச் சேர்த்தாள்.

"எந்தக் காது?" என்றாள் பெரியவள் இப்போது.

சின்னவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்தாள். "எடது."

"எப்போலேருந்து?"

"போன மாசம். டிவி சத்தமா வெச்சேன்னு ஒரு அறை. ரெண்டு நாள் ங்கொய்ன்னு இருந்துச்சு. அப்புறம் அதுவும் இல்ல."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனோம். வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லச் சொன்னார். சொன்னேன்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ரப்பர் அண்ணனுக்கு மட்டும்தான். அன்னிக்கே அண்ணன் ரூமுக்குப் போனேன். அங்க நாலு ஆம்பளைங்க, நான் எங்க தங்க? சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட்டுடுச்சு."

"வேற எங்கயும் போகலையா? இங்க வர்றதுக்கென்ன கேடு?"

சின்னவளின் கண் முன்னறைப் பக்கம் ஒரு தடவை போய்வந்தது. அங்கே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "போகலக்கா" என்றாள்.

பெரியவள் முன்னறைக்குப் போய் மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க தம்பி அவ காதை அடிச்சுச் செவிடாக்கிட்டான். தெரியுமா உங்களுக்கு?"

தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பின் ஒரு முனையை இழுத்தார். பிறகு மறுமுனையை இழுத்தார். சங்கடமாக எதைக் கேட்டாலும் அவர் செய்வது இதுதான். டேப் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும், மனுஷர் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பார்.

"கத்தாதே. தொண்டையைக் கெடுத்துக்காதே, சாயங்காலம் ஆட்டம் இருக்கு. அவன் வரட்டும், நான் பேசுறேன்."

"என்னத்தப் பேசுவீங்க? அளவு எடுப்பீங்களா?"

"பக்குவமா பேசினா எல்லாம் சரியாகும்மா."

அவள் தொண்டைமேல் அவருக்கு அப்படி ஓர் அக்கறை. ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் அவள் போர்வைக்குள் தலையை விட்டு ஆவி பிடிப்பாள். வெந்நீர் வைத்துக் கொடுப்பது அவர். அந்த நேரத்தில் வாசலில் யார் வந்தாலும் அவரே பார்த்து அனுப்பிவிடுவார். போர்வைக்குள்ளிருந்து "யாருங்க?" என்று கேட்டால், "துணி கொடுக்க வந்தவங்க" என்று பதில் வரும். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று தெருவே கண்ணு போடும்.

பெரியவள் அவரிடம் அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை. அவள் கோபம் முழுவதும் தம்பி பக்கம் திரும்பிவிட்டது. அடித்தவன் எங்கிருந்தோ வந்தவன். இவன் கூடப் பிறந்தவன். தெரிந்தே திரும்பக் கொண்டுபோய் விட்டானே! விட்டுவிட்டு வந்து அந்தச் சாய்ந்த தலையை அப்படியே நடுத்தெருவில் நடித்துக் கைதட்டு வாங்கினானே!

"பையை எடு. என்கூடக் கிளம்பு" என்றாள் சின்னவளிடம்.

"எங்கக்கா?"

"ஆட்டத்துக்கு. உன்ன வீட்ல விட்டுட்டுப் போனா, நான் திரும்பி வர்றதுக்குள்ள உன்ன வண்டியில ஏத்திடுவாங்க."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று தெரு கூடுகிற இடம். ரப்பர் ஏற்கனவே வட்டம் போட்டுவிட்டு, சுவரில் காலை ஊன்றித் தொடையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில், ஆட்டத்துக்குத் தாளம் போடும் டின்காரர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்து வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவளைப் பார்த்ததும் ரப்பரின் கால் சுவரிலிருந்து இறங்கியது.

"தலையைச் சாய்ச்சுக் காட்டுறியே, அத எங்கடா எடுத்த?" என்றாள் பெரியவள்.

அவன் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டான்.

"கேக்குறேன்ல? யார் தலையிலேருந்து எடுத்த?"

"அக்கா, ஆட்டம் முடியட்டும்."

"இவ காது போனது உனக்கு வித்தையாடா? கூட்டிட்டுப் போய் அவன் வாசல்ல தள்ளிட்டு வந்து, அதையே ஆடிக் காட்டுவியா? வெக்கமா இல்ல?"

ரப்பர் சுற்றும் முற்றும் பார்த்தான். "என்னால சொல்ல முடியலக்கா. செய்யத்தான் முடிஞ்சுது. ஒரு மாசமா உன் கண்ணு முன்னாலதான் செஞ்சுட்டிருந்தேன். நீ பாத்துப் புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன். நீ அதுக்குப் பாட்டுக் கட்டின."

இது பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததால் கோபம் இரண்டு பங்காகியது.

"வாய் எதுக்குடா உனக்கு? சாப்பிட மட்டுமா? 'அக்கா, இவளுக்குக் காது போச்சு'ன்னு சொல்ல முடியாதா?"

"சொல்லக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். பெரியவளுக்குப் பின்னால் யாரோ வருவதைப் பார்த்துவிட்டான். தையல்காரர்தான். வழக்கம்போல வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு வந்துகொண்டிருந்தார். கழுத்திலிருந்து டேப்பைக் கழற்ற மறந்திருந்தார். ரப்பர் மேலே ஒன்றும் சொல்லாமல் போய் வட்டத்துக்குள் நின்றுகொண்டான். வட்டத்துக்குள் போனவனிடம் இனிப் பேசிப் பயன் இல்லை.

டின் முழங்கியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள், கடை பூட்ட வந்தவர்கள், காய் வாங்கப் போனவர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. பெரியவள் பெட்டி மேல் ஏறினாள். அவளுக்குப் பக்கத்தில் சின்னவள், பையை மார்போடு அணைத்தபடி.

*ஓங்கின கை ஓங்கி நிக்குது*
*ஒதுங்க ஒரு சுவரும் இல்ல*

ரப்பர் வழக்கம்போல ஆரம்பித்தான். அடிக்கிறவனும் அவனே, அடிபடுகிறவளும் அவனே. ஓங்கியது ஒரு தோள், ஒடுங்கியது மறுதோள். யாரும் தொடாமலேயே ஓர் அறை விழுந்தது. தார் ரோட்டில் அவன் சரிந்த சத்தம் பின்வரிசை வரை கேட்டது.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் வண்டி வந்து ஓரமாக நின்றது. வீட்டுக்கு வருவதாகச் சொன்னவர் நேரே இங்கேயே வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டையோடு இறங்கிக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். கத்தவில்லை. சின்னவளைப் பார்த்து இரண்டு விரலை மட்டும் மடக்கி, வா என்றார். சின்னவள் பெட்டியோடு ஒட்டி நின்றாள்.

பெரியவள் அந்த விரல்களைப் பார்த்தாள். இனி எந்தக் கதை, யாருடைய கதை! கட்டி வைத்திருந்த பாட்டை அப்படியே விட்டாள்.

*கன்னத்துல விழுந்த அடி*
*காதுக்குள்ள போயிடுச்சு*
*கூடப் பொறந்தவ கூப்பிட்டாலும்*
*கேக்காம போயிடுச்சு*

ரப்பரின் உடம்பு ஒரு கணம் தயங்கியது. இது ஆட்டத்தில் இல்லாத பாட்டு. ஆனால் வாய் சொன்னால் உடம்பு செய்ய வேண்டும். தலையைச் சாய்த்தான். கை கன்னத்துக்குப் பாதி வழியில் நின்றது. முன்வரிசையில் ஒரு பெண்மணி அதைப் பார்த்தாள், பிறகு திரும்பிப் பெட்டி அருகே நின்ற சின்னவளைப் பார்த்தாள். சின்னவளும் தலையை அப்படியே சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் கசமுசவென்றது.

பெரியவள் விடவில்லை.

*கூடப் பொறந்த காலு ரெண்டு*
*கூட்டிக்கிட்டுப் போகுது பார்*
*அடிச்ச வீட்டு வாசலுக்கே*
*அழைச்சுக்கிட்டுப் போகுது பார்*

ரப்பர் நடந்தான். ஒரு கையால் கண்ணுக்குத் தெரியாத தங்கையைப் பிடித்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றினான். பெரியவள் அதே பாட்டை மறுபடி சொன்னாள். மறுபடி சுற்றினான். நின்றால் தொலைத்துவிடுவேன் என்கிற மாதிரி மறுபடி மறுபடி சொன்னாள். விழுந்ததில் சிராய்த்த முட்டியிலிருந்து ரத்தம் கணுக்கால் வரை வந்துவிட்டது. டின்காரர் அவளைப் பார்த்துப் போதும் என்று கண்ணைக் காட்டினார். போதவில்லை அவளுக்கு. அவன் அவமானத்தில் கூனிக் குறுக வேண்டும். அதை ஊர் பார்க்க வேண்டும். அந்த ஆத்திரத்தில்தான் அவள் செய்யக் கூடாததைச் செய்தாள்.

*வழியெல்லாம் கதவிருக்க*
*வாசலெல்லாம் ஆளிருக்க*
*ஒத்தக் கதவைத் தட்டாம*
*ஒன் கை எங்க போச்சுதடா?*

சொல்லி முடித்த பிறகுதான் அது கேள்வி என்று உறைத்தது. டின் சட்டென்று நின்றது.

ரப்பர் நடையை நிறுத்தினான். அவன் வலது கால் சுண்ணாம்புக் கோட்டின் மேல் போய் நின்றது. ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும், ஆட்டம் முடிந்துவிடும். தையல்காரர் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தான். பெரியவளை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் அந்தக் காலை உள்ளே எடுத்துக்கொண்டான்.

பதில் சொல்ல ஆரம்பித்தான்.

தங்கையின் கையைப் பிடித்தபடி ஒரு வாசல் முன் நின்றான். முதல் படியில் கால் வைத்தான். இரண்டாம் படியில் வைக்காமல், எட்டித் தாண்டி, மூன்றாவதில் வைத்தான். பெரியவளின் முதுகு நிமிர்ந்தது. அந்த எட்டு அவள் குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த எட்டு.

கையைத் தூக்கிக் கதவைத் தட்டினான். மெதுவாகத் தட்டினான், பிறகு பலமாகத் தட்டினான்.

சட்டெனத் திரும்பி, இப்போது அவனே கதவு திறக்கிறவர் ஆனான். பாதிதான் திறந்தார் அந்த மனிதர். திறந்த இடைவெளியை உடம்பாலேயே அடைத்துக்கொண்டார். கழுத்தில் இல்லாத எதையோ ஒரு பக்கம் இழுத்தார். மறுபக்கம் இழுத்தார். மறுபடி ஒரு பக்கம், மறுபடி மறுபக்கம்.

கூட்டம் சிரித்தது. யாரென்று தெரியாமல் சிரித்தது. பக்கவாட்டில் நின்ற ஒருத்தன் மட்டும் தையல்காரரின் கழுத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். அவன் பக்கத்து ஆளை இடித்தான். சிரிப்பு ஒவ்வோர் ஆளாக அடங்கியது.

வட்டத்துக்குள் அந்த மனிதர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ என்னவோ கேட்கிறார்கள். அவர் உதட்டில் விரல் வைத்து வாசலில் நிற்கிறவர்களை அடக்கினார். தலையை மட்டும் உள்ளே திருப்பி ஏதோ பதில் சொன்னார். பிறகு கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் காட்டி, போங்க, போங்க என்றார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

பெரியவளுக்கு அந்தச் சாயங்காலம் நினைவு வந்தது. போர்வைக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டு அவள் கேட்ட கேள்வி. வெளியிலிருந்து வந்த பதில். துணி கொடுக்க வந்தவங்க.

ரப்பர் கடைசியாகத் தங்கை ஆனான். சாத்திய கதவின் மேல், கேட்கிற காதை வைத்துத் தலையைச் சாய்த்தான். உள்ளே அக்காவின் குரல் கேட்கிறதா என்று பார்க்கிற சாய்ப்பு அது. ஒரு மாதமாக அவள் பாட்டுக் கட்டிப் பெருமைப்பட்ட சாய்ப்பும் அதுதான்.

அப்படியே நின்றான்.

உடம்பு சொன்னதை இனி வாய் சொல்ல வேண்டும். பெரியவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஃபிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினார். கூட்டத்தின் ஓரத்திலிருந்து தண்ணீர் கேன்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"கூத்து போதும் அண்ணி. அவளை அனுப்புங்க."

பெரியவளின் தொண்டையில் அன்றைக்கு வெந்நீர் இறங்கவில்லை. குரல் கரகரத்துத்தான் வந்தது. ஆனால் மூன்று தெருவுக்கும் கேட்டது.

*தட்டின கதவு என் கதவு*
*சாத்தின கை என் வீட்டுக் கை*
*ஆவி பிடிச்சு உள்ள இருந்தேன்*
*அவ அழுதது கேக்கலையே*
*அவளுக்கு ஒரு காது போச்சு*
*எனக்கு ரெண்டும் போயிருந்துச்சே*

யாரும் கைதட்டவில்லை. சின்னவள் பெட்டி அருகிலிருந்து நகர்ந்தாள். கூட்டம் வழிவிட்டது. புருஷன் நின்ற பக்கம் போகாமல் நேரே போய், இதுவரை ரப்பரைத் தவிர யாரும் கால் வைக்காத வட்டத்துக்குள் போய் நின்று, பையைக் கீழே வைத்தாள். தண்ணீர் கேன்காரர் இரண்டடி முன்னால் வந்தார். முன்வரிசைப் பெண்மணி வழிவிடவில்லை. அவள் பக்கத்தில் நின்றவர்களும் வழிவிடவில்லை.

பெரியவள் பெட்டியிலிருந்து இறங்கித் தையல்காரரின் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

அவர் ஃபிளாஸ்க்கைக் கொடுத்தார்.

"இது இல்ல. வீட்டுச் சாவி. இன்னிக்கு ராத்திரி இவ அங்கதான் படுக்கப் போறா. நாளைக்கும்."

"எல்லாரும் பாக்குறாங்கம்மா. வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"பாக்கட்டும். சாவியக் குடுங்க."

தையல்காரரின் ஒரு கை சட்டைப் பைக்குள் போனது. சாவிக் கொத்து உள்ளே குலுங்கிய சத்தம் அவளுக்குக் கேட்டது. கை மட்டும் வெளியே வரவில்லை. மற்றொரு கை டேப்பின் முனையைத் தேடிப் பிடித்தது. பதினாறு வருஷம் அவளோடு குடும்பம் நடத்திய மனிதர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகத் தன் சித்தி மகனைப் பார்த்தார், கொடுக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி.